இலை நுனி கருகினால் மருந்து தேடாதீர்கள்

வேலூர் சத்துவாச்சாரியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: "ஹாலில் இருக்கும் அரிக்கா பாமின் இலை நுனியெல்லாம் பழுப்பாகிக் காய்கிறது. மணி பிளான்ட்டும் ஓரம் கருகுகிறது. நர்சரிக்காரர் பூஞ்சை நோய் என்று பவுடரும் டானிக்கும் கொடுத்தார். 2 மாதமாக அடிக்கிறேன், குறையவில்லை. தண்ணீரும் தவறாமல் விடுகிறேன். ஆர்.ஓ. மெஷினில் வெளியேறும் தண்ணீரைக்கூட வீணாக்காமல் செடிக்குத்தான் ஊற்றுகிறேன். வேறு என்ன மருந்து அடிக்கலாம்?"

மருந்தே வேண்டாம். அந்த ஆர்.ஓ. தண்ணீரை இன்றோடு நிறுத்துங்கள்.

ஆர்.ஓ. மெஷின் உப்பை அழிப்பதில்லை, ஒதுக்கித் தள்ளுகிறது. 3 லிட்டர் போர் தண்ணீர் உள்ளே போய், குடிக்க 1 லிட்டர் வந்தால், 3 லிட்டரின் உப்பும் ஏறக்குறைய அப்படியே மிச்ச 2 லிட்டரில் வந்து சேரும். 900 டி.டி.எஸ். (லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் கரைந்த உப்பு) இருந்த தண்ணீர் 1350 பக்கம் போய்விடும். பாலாற்றுப் பக்கத்துப் போர் தண்ணீரைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா, உங்கள் வீட்டு வாளியிலும் குழாயிலும் படிந்த வெள்ளை உப்பே சொல்லும். செடி தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு உப்பில் பெரும்பகுதியை மண்ணிலேயே விட்டுவிடும். தோட்டத்து மண் என்றால் மழை கழுவிவிடும். ஹாலில் ஏது மழை? மீறி உள்ளே போகும் உப்பு இலை நுனியில் போய்த் தங்கி அங்கே கருக்குகிறது. 'வீணாக்காமல் செடிக்கு ஊற்றுங்கள்' என்று ஊரெல்லாம் உபதேசம் செய்பவர்கள், தரை துடைக்கவும் கழிவறைக்கும் என்று சொல்லி நிறுத்தியிருக்கலாம்.

சந்தேகமாக இருந்தால் தொட்டி விளிம்பை விரலால் தேய்த்துப் பாருங்கள். வெள்ளையாகப் பொருக்கு உதிரும். பூஞ்சை என்றால் இலையின் நடுவிலும் புள்ளி புள்ளியாக வரும், பல சமயம் சுற்றிலும் மஞ்சள் வளையம் இருக்கும். உப்பு எப்போதும் நுனியிலும் ஓரத்திலும்தான் ஆரம்பிக்கும்.

தொட்டியை வெளியே எடுத்துவந்து, தொட்டி கொள்ளும் அளவைப் போல 3 மடங்கு நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றி, அடியில் முழுக்க வடிய விடுங்கள். குடிநீர்க் குழாயில் காவிரித் தண்ணீர் வருகிற நாளில் பிடித்து வைத்தது போதும். மழைத் தண்ணீரோ ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீரோ இன்னும் நல்லது, அவற்றில் உப்பு கிடையாது. புதுத் துளிர் வரும்வரை உரமும் கூடாது, உரமும் உப்புதான். கருகியது பச்சையாகாது. கத்தரிக்கோலால் வெட்டும்போது பழுப்பில் ஒரு நூல் அளவு விட்டு வெட்டுங்கள், பச்சையில் வெட்டினால் மறுபடி காயும்.

'தவறாமல் விடுகிறேன்' என்பதும் எனக்கு உறுத்துகிறது. நம் ஊர் நர்சரிகளில் நிறையச் செடிகள் ஆந்திராவின் கடியத்திலிருந்து, களிமண் உருண்டையோடு வருபவை. மேல்மண் காய்ந்திருக்கும், உருண்டை உள்ளே சேறாக இருக்கும். அந்தக் கறுப்புக் கவரோடு அப்படியே பீங்கான் தொட்டிக்குள் இறக்கியிருந்தால் அடியில் தண்ணீர் தேங்கியே நிற்கும். ஒருமுறை செடியை உருவிப் பாருங்கள். வேர் வெள்ளையாக, விறைப்பாக இருந்தால் சரி. கறுத்து, நாற்றமடித்து, இழுத்தால் தோல் மட்டும் உருவிக்கொண்டு வந்தால் அழுகல். விரலை 2 அங்குலம் மண்ணில் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள்.

இந்த டானிக் விஷயம். செடியைப் பார்க்காமலே 'பூஞ்சை' என்று சொல்லி விற்பவர் செடி வைத்தியர் இல்லை, பாட்டில் வியாபாரி. போன வருடம் ஒரு வீட்டில் மணி பிளான்ட்டுக்கு என்று மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சிமருந்தைத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றிக் கொடுத்திருந்தார்கள். காய்கறிக்கே 2005இல் தடை செய்த விஷம், குழந்தை விளையாடும் ஹாலில்! லேபிள் இல்லாமல் பூச்சிமருந்து விற்பதே குற்றம். லேபிளில் விஷத்தின் கடுமையைக் காட்டும் நிற முக்கோணம் இருக்கும்: சிவப்பும் மஞ்சளும் வீட்டுக்குள் வரவே கூடாது. சரி, அரசு அலுவலகத்தில் கேட்கலாம் என்று போனால், எத்தனை ஏக்கர் என்பார்கள். தொட்டிச் செடிக்கு அவர்கள் படிவத்தில் கட்டமே இல்லை.

மருந்தே வேண்டாம் என்றேனே, அதற்கு ஒரே ஒரு விலக்கு உண்டு, நன்றாகக் கவனியுங்கள். மணி பிளான்ட்டில் புதிதாக வரும் இலை மட்டும் மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சைக் கோடாகத் தெரிந்தால் அது இரும்புச்சத்துக் குறை. பழைய இலையில் என்றால் இது இல்லை. புது இலை, பச்சை நரம்பு, இரண்டும் சேர்ந்திருக்க வேண்டும். மண்ணில் இரும்பு இருந்தும், சுண்ணாம்புத் தண்ணீர் அதைச் செடிக்கு எட்டாமல் கட்டிப்போட்டுவிடும். உடனே துருப்பிடித்த ஆணியைத் தொட்டியில் செருகுவார்கள். துரு அந்த மண்ணில் கரையாது, வேருக்குப் போகாது. ஆணியை எடுத்துவிட்டு, பில்லோடு செலேட் இரும்பு (செடி உறிஞ்சும் வடிவில் தயாரித்த இரும்புச்சத்து) வாங்கி, லிட்டருக்கு அரை கிராம் கலந்து மாலையில் இலையில் தெளியுங்கள். தெளித்த இளம் இலையில் பச்சை திரும்புவது தெரியும்.

வேர் அழுகியிருந்தால் மணி பிளான்ட்டைக் கணுவோடு வெட்டி நல்ல தண்ணீரில் வையுங்கள், சில வாரங்களில் வேர் விடும். அரிக்கா பாமுக்கு அந்த வழி கிடையாது. அழுகியதை நறுக்கி, செம்மண்ணும் ஆற்று மணலும் தென்னைநார்க் கழிவும் கலந்து, அடியில் ஓட்டை உள்ள மண்தொட்டியில் மாற்றி நடுங்கள்.