பழைய டிரம்பெட்டில் இளஞ்சிவப்புப் புள்ளிகள்: வாங்கலாமா?
வாங்க நினைக்கும் பழைய டிரம்பெட் ஓல்ட்ஸ் அம்பாசடர் மாடல், மவுத்பீஸ் (வாய் வைத்து ஊதும் பகுதி) செருகும் முதல் குழாயில் இளஞ்சிவப்புப் புள்ளி, ஒரு ஸ்லைடு (இழுத்து நீட்டும் குழாய்) அசையவில்லை என்கிறீர்கள். ஸ்லைடு பெரிய விஷயமில்லை, பழுதுபார்ப்பவர் கழற்றிவிடுவார், நீங்கள் இடுக்கி போட்டு இழுக்காமல் இருந்தால் சரி. புள்ளிதான் கவலை: அந்த முதல் குழாயில் நடுவே கறுத்த பொட்டுகளாக இருந்தால், பித்தளையிலுள்ள துத்தநாகம் உள்ளிருந்தே அரிபட்டுப் போய்க்கொண்டிருக்கிறது, மெருகு போட்டால் மறையலாம், ஆனால் தீராது, கடைசியில் குழாயையே மாற்ற வேண்டும், அந்தச் செலவை விலையில் கழிக்கச் சொல்லுங்கள். அப்புறம் விரலால் அழுத்தும் வால்வு. எண்ணெய் விட்டு, மூன்றாம் வால்வை அழுத்தாமல் அதன் ஸ்லைடைச் சற்று வெளியே இழுத்து, சில நொடி கழித்து வால்வை அழுத்துங்கள். 'டப்' என்று கேட்டால் நல்லது. சத்தமே இல்லையா? வால்வு தேய்ந்திருக்கலாம், அப்படியானால் அதைச் சரிசெய்யும் கூலி டிரம்பெட் விலையையே தாண்டலாம், நானாக இருந்தால் விட்டுவிடுவேன்.