முதலில் டி-34, டைகர் அப்புறம்

டி-34 டாங்கி மாடலை முதலில் கட்டுங்கள். டைகர், ஷெர்மன், டி-34 என மூன்று டாங்கிக்கும் ஒட்டிச் செய்கிற மாடல் பெட்டி வீட்டில் இருக்க எதைத் தொடுவது என்று கேட்டிருக்கிறீர்கள்; கை டைகர் பக்கம்தான் போகும், ஆனால் ஆரம்பகால டைகரில் பக்கத்துக்கு 24 சக்கரம், ஒன்றுக்குள் ஒன்று செருகி நிற்கும், ரப்பர் விளிம்புக்குக் கறுப்படித்து முடிப்பதற்குள் ஆசையே விட்டுப்போகும். டி-34-இல் பக்கத்துக்கு 5 ஜோடிப் பெரிய சக்கரம், உடம்பு முழுக்க ஒரே பச்சை. அசல் வண்டியிலேயே வெல்டிங் கரடுமுரடு, அதனால் பசை கொஞ்சம் வழிந்தாலும் உறுத்தாது.

ஒட்டும் முன் சக்கரங்களைச் சுற்றி ஓடுகிற செயினைப் பாருங்கள். ஒரே பட்டையாக வளைகிற ரகம் என்றால் சரி. கண்ணி கண்ணியாகக் கோக்க வேண்டியதாக இருந்து, ஷெர்மன் பெட்டியில் பட்டை இருந்தால் அதற்கு மாறிவிடுங்கள்.

தென்காசி என்கிறீர்கள், சாரல் அடிக்கிற நாளில் மட்டும் ஸ்ப்ரே பெயின்ட் வேண்டாம், ஈரக்காற்றில் வெள்ளையாகப் பூத்துவிடும்.