கேட்சர் மிட்: வாசகர் கேள்வி, நம் பதில்

என் மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள், பள்ளி சாஃப்ட்பால் அணியில் கேட்சர், அதாவது மட்டையடிப்பவருக்குப் பின்னால் இருந்து பந்து பிடிப்பவள். கடைக்காரர் கொடுத்த மிட்டில் (கேட்சர் போடும் பஞ்சு வைத்த கையுறை) பந்து நிற்காமல் தெறிக்கிறது, உள்ளங்கை சிவந்துபோய் வீட்டுக்கு வருகிறாள். தேங்காய் எண்ணெய் ஊற்றி வெயிலில் வைத்தால் இளகிவிடும் என்கிறார்கள். செய்யலாமா?
– ஒரு அப்பா, காவேரிப்பட்டணம்

எண்ணெய் பாட்டிலை முதலில் சமையலறையிலேயே வைத்துவிட்டு வாருங்கள் சார். அப்புறம் மிட்டில் என்ன அளவு போட்டிருக்கிறது என்று பாருங்கள். அந்த எண், மிட்டைச் சுற்றி அளந்த சுற்றளவு. சாஃப்ட்பால் கேட்சர் மிட் பெரும்பாலும் 33 முதல் 34 அங்குலம், கொஞ்சம் மேலேயும் உண்டு. 32க்குக் கீழே இருந்தால் அது சிறுவர் மிட்டாகவோ பேஸ்பால் மிட்டாகவோதான் இருக்கும். பேஸ்பால் பந்தின் சுற்றளவு 9 அங்குலம் சொச்சம், சாஃப்ட்பாலுக்கு 12. சின்னப் பந்துக்குத் தைத்த குழியில் பெரிய பந்து எப்படி உட்காரும்? தெறிக்கத்தான் செய்யும். அதற்காக 34 வாங்கிவிடலாம் என்று ஓடாதீர்கள். அவளால் ஒரு கையால் மூடித் திறக்க முடிகிற 33, மூட முடியாத 34ஐ விட எவ்வளவோ மேல்.

ஆன்லைனில் வாங்கினால் ஒரு விஷயம்: ‘ரைட் ஹேண்ட் த்ரோ’ என்றால் வலது கையால் எறிபவருக்கானது, மாட்டுவது இடது கையில். இதில் குழம்பித் திருப்பி அனுப்புகிறவர்கள் நிறைய.

உள்ளங்கை சிவப்பதற்கு மிட் மட்டும் காரணமில்லை. பந்தை உள்ளங்கையில் வாங்குகிறாள் போலிருக்கிறது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே, அந்த இரண்டையும் இணைக்கிற தோல் வலைக்குச் சற்றுக் கீழே இருக்கிற குழியில் வாங்கப் பழகினால் வலி பாதி போய்விடும். மீதிக்கு, கிரிக்கெட் கீப்பர்கள் உள்ளே போடுகிற இன்னர் கிளவுஸ் போதும், கிருஷ்ணகிரியில் விளையாட்டுச் சாமான் கடையில் கேட்டுப் பாருங்கள்.

எண்ணெய் ஊற்றினால் தோல் மட்டுமா குடிக்கும், உள்ளே இருக்கிற பஞ்சும் சேர்ந்து குடிக்கும். மிட் கனத்து, தொளதொளவென்று ஆகி, மிட்டைக் கோத்திருக்கிற லேஸ் (தோல் வார்) சீக்கிரம் அறுந்துவிடும். வெயில் அதற்கு நேர்மாறாகத் தோலை விறைக்க வைத்து வெடிக்கச் செய்யும், அதுவும் நம் ஊர் ஏப்ரல் வெயிலில் சொல்லவே வேண்டாம். தோல் மிட் இளக ஒரே வழி ஆடுவதுதான். தினமும் கொஞ்ச நேரம் மெதுவாக எறிந்து பிடிக்கட்டும், பழைய சாஃப்ட்பாலைக் கையில் வைத்துக்கொண்டு குழியிலேயே திரும்பத் திரும்பக் குத்துங்கள், இரவில் அந்தப் பந்தையே குழிக்குள் வைத்து மூடி, பழைய சைக்கிள் டியூபில் ஒரு துண்டு வெட்டிக் கட்டிவிடுங்கள். டென்னிஸ் பந்து வைத்தால் குழி சின்னதாகிவிடும். தோலுக்கான கண்டிஷனர் கிடைத்தால் விரல் நுனியில் தொட்டுக் குழியிலும் மடிப்பிலும் லேஸிலும் மெல்லியதாகத் தேயுங்கள், அவ்வளவுதான். ரெக்சின் மிட்டுக்கு அதுவும் தேவையில்லை.

ஓசூர்த் தூறலில் மிட் நனைந்துவிட்டது. அடுப்படியில் காய வைக்கலாமா?
– ஓசூர் மாணவி

வேண்டாம்மா. ஹேர் டிரையரும் வேண்டாம். துணியால் ஒற்றி எடுத்து, குழிக்குள் ஒரு பந்தை வைத்து, காற்றோட்டமான நிழலில் விடு. ஈரத்தோடு கிட் பையில் போட்டு ஜிப்பை இழுத்தால் பூஞ்சை வந்துவிடும். காய்ந்த பிறகு கொஞ்சம் விறைப்பாகத்தான் இருக்கும், நாலு பந்து பிடித்தால் சரியாகிவிடும்.

வலையில் லேஸ் அறுந்துவிட்டது. மிட்டையே மாற்ற வேண்டுமா?
– பர்கூர் பி.டி. ஆசிரியர்

எதற்கு சார்? நீங்கள் இருக்கிற இடத்திலிருந்து வாணியம்பாடி பக்கம்தானே, தோலுக்குப் பேர்போன ஊர். ஏறக்குறைய 5 மில்லிமீட்டர் அகலத் தோல் வார் கேட்டு வாங்கி, செருப்புத் தைப்பவரிடமே கொடுக்கலாம். ஆனால் பழைய லேஸை முழுக்க உருவிவிடாதீர்கள். முதலில் செல்போனில் படம் எடுத்துக்கொண்டு, ஓட்டை ஓட்டையாக, பழையதைக் கழற்றக் கழற்றப் புதியதைக் கோத்து வரச் சொல்லுங்கள். நைலான் கயிறு மட்டும் போட விடாதீர்கள், தோல் ஓட்டையை அறுத்துவிடும்.