‘ஆஸ் இஸ்’ என்று போட்டுவிட்டால் விரிசலை மறைத்து விற்கலாமா?

கேள்வி: அமெரிக்காவில், மிச்சிகன் மாநிலத்தில் வசிக்கிறேன். 1969 பிளைமவுத் ரோட் ரன்னர் காரைப் புதுப்பித்து வருகிறேன். அதன் 383 இன்ஜினுக்காக எச்.பி. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் (இன்ஜினிலிருந்து புகையை வெளியே கொண்டுசெல்லும் வார்ப்பிரும்புக் குழாய்) ஒரு ஜோடியை, ஒஹாயோவில் உள்ள ஒருவரிடம் ஆன்லைனில் 850 டாலருக்கு வாங்கினேன். ‘விரிசல் இல்லை, வெல்டிங் செய்ததில்லை’ என்று எழுதியிருந்தார். கீழே ‘ஆஸ் இஸ் (இருக்கும் நிலையிலேயே விற்பனை), ரிட்டர்ன் கிடையாது’ என்றும் இருந்தது. மணலை வீசியடித்துப் பெயின்ட்டை உரிக்கும் சாண்ட் பிளாஸ்டிங் செய்ததும், பெயின்ட்டுக்கு அடியில் பித்தளை வெல்டிங் தெரிந்தது. பணத்தைத் திருப்பித் தர மறுக்கிறார். கட்டணம் மிச்சம் என்று அவர் சொன்னதால், நண்பர்களுக்கு அனுப்பும் முறையில் பணம் அனுப்பிவிட்டேன். வழக்குப் போடலாமா?

பதில்: போடலாம். உங்கள் பக்கம் வலுவாகவே இருக்கிறது. ஆனால் முதலில் ஒன்று: அந்த மேனிஃபோல்டில் இனி யாரும் கை வைக்கக் கூடாது. சரிசெய்து மாட்டிவிடலாம் என்று மெக்கானிக் சொன்னாலும் சம்மதிக்காதீர்கள். பொருளைத் திருப்பிக் கொடுத்துப் பணம் கேட்பவர், அதன் நிலையைப் பெரிதாக மாற்றியிருக்கக் கூடாது. சாண்ட் பிளாஸ்டிங் செய்ததையே எதிர்த்தரப்பு பிடித்துக்கொள்ளலாம். மறைந்திருந்த குறை அப்போதுதான் வெளிப்பட்டது என்று அதற்குப் பதில் சொல்ல முடியும். மேலே ஒரு வெல்டிங் ஏறிவிட்டால் அந்தப் பதிலும் எடுபடாது, சாட்சியமும் அழிந்துவிடும்.

இரு மாநிலங்களிலும் பொருள் விற்பனைக்கு யூனிஃபார்ம் கமர்ஷியல் கோடு என்ற வணிகச் சட்டத் தொகுப்பின் 2-ஆம் பிரிவுதான் சட்டம். ‘ஆஸ் இஸ்’ என்ற சொல், சொல்லாமலே வந்து சேரும் உத்தரவாதங்களைத்தான் நீக்கும். தொழில்முறை வியாபாரி அல்லாதவர் விற்கும்போது, பொருள் தரமாக இருக்கும் என்ற உத்தரவாதம் எப்படியும் கிடையாது. ‘விரிசல் இல்லை, வெல்டிங் செய்ததில்லை’ என்பது அப்படியல்ல. அது அந்தப் பிரிவின் 2-313 விதியின்படி அவரே வாய்விட்டுக் கொடுத்த உத்தரவாதம். ஒரு கையால் கொடுத்ததை அடுத்த வரியில் பறித்துக்கொள்ள 2-316 இடம் தருவதில்லை.

அவர் ஏமாற்றினார் என்று நிரூபிக்க முயல வேண்டாம் என்பது என் கருத்து. பெயின்ட் அடித்த நிலையிலேயே அவரும் யாரிடமோ வாங்கியிருக்கலாம். மோசடி என்றால் அவருக்குத் தெரிந்திருந்தது என்று காட்ட வேண்டும். உத்தரவாத மீறலுக்கு அது தேவையில்லை. சொன்னது வேறு, வந்தது வேறு என்று காட்டினால் போதும். ‘பார்சலில் உடைந்திருக்கும்’ என்று அவர் சொல்லக்கூடும். பார்சலில் விரிசல் விழலாம், பித்தளை வெல்டிங் விழாது. சாம்பல் நிற வார்ப்பிரும்பில் மஞ்சளாக ஓடும் அந்தக் கோட்டை, பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்துப் படமெடுங்கள். வார்ப்பிலேயே பதிந்திருக்கும் கேஸ்டிங் எண்ணும் தெரியும்படி இன்னொரு படம் எடுங்கள். விளம்பரத்தில் இருந்த அதே ரக மேனிஃபோல்ட்தான் இது என்பதை அந்த எண் காட்டும். மெஷின் ஷாப் ஒன்றில் பழைய ஒட்டு என்று கையெழுத்துடன் எழுதி வாங்குங்கள். விளம்பரத்தை அவர் நீக்குவதற்குள் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள்.

கிரெடிட் கார்டில் நேரடியாக வாங்கியிருந்தால் வங்கியிடமே முறையிட்டிருக்கலாம். நீங்கள் அனுப்பிய முறையில் அந்தப் பாதுகாப்பு பெரும்பாலும் கிடைக்காது. ஆகவே நீதிமன்றம்தான் வழி. மிச்சிகன் சிறு வழக்கு நீதிமன்றத்தில் 7,000 டாலர் வரை கேட்கலாம். ஆனால் ஒரே ஒரு பொருளை விற்ற வெளிமாநிலத்தவர் மீது அதற்கு அதிகாரம் உண்டா என்பதிலேயே வழக்கு இழுபடும். அவர் வசிக்கும் ஊருக்குரிய ஒஹாயோ நீதிமன்றத்தில் தாக்கல் செய்யுங்கள். அங்கே உச்சவரம்பு 6,000 டாலர், வக்கீல் வைக்கத் தேவையில்லை. முழுப் பணத்தையும் கேளுங்கள். அது கிடைக்காவிட்டால், நல்ல ஜோடியின் சந்தை விலைக்கும் இந்த ஜோடியின் மதிப்புக்கும் உள்ள வித்தியாசத்தைத் தரும்படி மாற்றுக் கோரிக்கையும் வையுங்கள்.

வழக்குப் போட நான்கு ஆண்டு அவகாசம் உண்டு. ஆனால் குறையை நியாயமான காலத்துக்குள் தெரிவிக்காவிட்டால் உரிமையே போய்விடும் என்கிறது 2-607. போனில் பேசியதை நம்பி இருக்காதீர்கள். விளம்பர வாசகம், கண்ட குறை, பொருளைத் திருப்பி அனுப்பத் தயார் என்பது, 14 நாள் கெடு ஆகியவற்றை எழுதி, இந்த வாரமே பதிவுத் தபாலிலும் மின்னஞ்சலிலும் அனுப்புங்கள்.