சுவத்துல மாட்டின ஆம்ஸ்ட்ராங்கை கழட்டணுமா?

கேள்வி: அண்ணே, நான் ஓவியம் வரையறவன், சைக்கிள் ரேஸ் பைத்தியமும்கூட. 2003 டூர் டி ஃபிரான்ஸ்ல லூஸ் ஆர்டிடென் மலையில லான்ஸ் ஆம்ஸ்ட்ராங் விழுந்து எழுந்து ஜெயிச்சாரே, அதைப் பெருசா வரைஞ்சு ஹால்ல மாட்டியிருக்கேன். ஊக்கமருந்து கதையெல்லாம் வெளிய வந்து இத்தனை வருஷம் ஆச்சு, கழட்டவும் மனசு வரல, பார்த்தா எரிச்சலும் வருது. அரசியல் பேசுற நண்பர் ஒருத்தர் "ப்ரொஃபஷனல் ஸ்போர்ட்ஸே முதலாளிங்க நடத்துற சர்க்கஸ், இதுக்குப் போய் வருத்தப்படுறியா"ங்கறார். இன்னொருத்தர் "எல்லாரும்தான் போட்டாங்க, அப்புறம் என்ன"ங்கறார். நான் ஏமாளியா? ஓவியத்தை என்ன பண்றது? இனிமே ரேஸ் பார்க்கலாமா?
— பேர் வேண்டாம், பழைய ரசிகன்

பதில்: தம்பி, கழட்டாதீங்க. அதை முதல்லயே சொல்லிடறேன், இல்லேன்னா நான் முடிக்கிறதுக்குள்ள நீங்க ஸ்க்ரூடிரைவர் எடுத்துடுவீங்க.

நீங்க வரைஞ்ச காட்சியை இன்னொரு வாட்டி நினைச்சுப் பாருங்க. அன்னிக்கு காலைல ஆம்ஸ்ட்ராங்குக்கும் அவரோட முக்கியப் போட்டியாளர் யான் உல்ரிச்சுக்கும் நடுவுல மொத்த நேரத்துல வெறும் 15 செகண்ட்தான் வித்தியாசம். மலை ஏறும்போது ஓரமா நின்னு வேடிக்கை பார்த்தவர் கையில இருந்த பை ஹேண்டில்பார்ல மாட்டி, மொத்தத்துல முன்னணியில இருக்கறவர் போடுற மஞ்சள் ஜெர்சியோட ஆம்ஸ்ட்ராங் தரையில கிடக்கார். உல்ரிச் நினைச்சிருந்தா அப்படியே போயிருக்கலாம், ஆனா போகல, வேகத்தைக் குறைச்சார். டைலர் ஹாமில்டன்ங்கற இன்னொரு ரைடர் முன்னாடி வந்து எல்லாரையும் நிக்கச் சொல்லி கை காட்டினார், அந்த ஆளுக்கு முதல் ஸ்டேஜ்லயே, அதாவது முதல் கட்ட ஓட்டத்துலயே, விழுந்து காலர் எலும்பு விரிசல் விட்டிருந்தது. ஆம்ஸ்ட்ராங் எழுந்து வர்றப்ப பெடல்ல இருந்து கால் வழுக்கி மறுபடியும் விழப் பார்த்தார், சமாளிச்சுக்கிட்டு அப்புறம் ஒரே அடியா எல்லாரையும் விட்டுட்டு மேல போயிட்டார்.

இந்த மூணு பேருமே பின்னாடி ஊக்கமருந்தை ஒத்துக்கிட்டவங்க. ஹாமில்டன் 2011ல டிவியில, ஆம்ஸ்ட்ராங் 2013 ஜனவரியில டிவி தொகுப்பாளர் ஓப்ரா முன்னாடி, உல்ரிச் அதே வருஷம். ஆனா ஜெயிக்கிற சான்ஸ் கையில இருந்தும் உல்ரிச் காத்திருந்தார் பாருங்க, அது எந்த ஊசியில இருந்தும் வந்தது இல்ல. நீங்க வரைஞ்சதுல பாதி பொய்னா மீதி பாதி நிஜம், உங்களை இத்தனை வருஷமா கழட்ட விடாம பண்றது அந்த மீதிதான்னு எனக்குத் தோணுது.

"எல்லாரும்தான் போட்டாங்க" நண்பருக்கு வருவோம், ஏன்னா ரொம்ப பேர் இதை ஏதோ பெரிய நியாயம் மாதிரி சொல்லிட்டு திரியறாங்க. ஈபிஓங்கற ஊக்கமருந்தைப் போட்டா ரத்தத்துல சிவப்பணு ஏறும், தசைக்கு ஆக்ஸிஜன் அதிகமா போகும். 1997ல இருந்து சர்வதேச சைக்கிள் அமைப்பான யூசிஐ வச்ச வரம்பு ஹெமடோக்ரிட், அதாவது ரத்தத்துல சிவப்பணுவோட பங்கு, 50 சதவீதம், அதைத் தாண்டினா ரேஸ்ல இருந்து வெளிய. இப்போ ஒருத்தனுக்கு இயற்கையாவே 48 இருக்கு, இன்னொருத்தனுக்கு 41 இருக்குன்னு வைங்க. அந்த வரம்பு வரைக்கும் மருந்து போட்டா முதல் ஆளுக்கு ரெண்டு பாயின்ட் ஏறும், ரெண்டாவது ஆளுக்கு ஒன்பது. இது எப்படிங்க சமம் ஆகும்? அதுபோக யாருகிட்ட நல்ல டாக்டர், யாருகிட்ட காசுங்கறது வேற. மிகேல் ஃபெராரிங்கற டாக்டருக்கு ஆம்ஸ்ட்ராங் பத்து லட்சம் டாலருக்கு மேல கொடுத்ததா அமெரிக்க ஊக்கமருந்து தடுப்பு அமைப்பு 2012ல கணக்கோட சொல்லிச்சு. சாதா டீம்ல சம்பளத்துக்கு ஓட்டுறவன் அதுக்கு எங்க போவான்?

முக்கியமா எல்லாரும் போடல. கிறிஸ்டோஃப் பாஸ்ஸோன்னு ஒரு ஃபிரெஞ்சு ரைடர் மருந்து பக்கமே போகாதவர், 1999 டூர் நடக்கும்போதே பேப்பர்ல இதைப் பத்தி எழுதினார். ஆம்ஸ்ட்ராங் ஓட்டிக்கிட்டே பக்கத்துல வந்து உனக்கு இங்க என்ன வேலை வீட்டுக்குப் போங்கற மாதிரி பேச, கூட ஓட்டுறவங்களும் முகம் கொடுக்கல, மனுஷன் நொந்துபோய் ரேஸை விட்டே கிளம்பிட்டார். 2004ல ஃபிலிப்போ சிமியோனி. ஃபெராரிக்கு எதிரா கோர்ட்ல சாட்சி சொன்ன இத்தாலிக்காரர், மொத்தக் கணக்குல எங்கயோ பின்னாடி இருந்தவர், 18ஆவது ஸ்டேஜ்ல முன்னாடி போன சின்ன கூட்டத்தோட சேரப் போனார். மஞ்சள் ஜெர்சிக்காரர் அவரைத் துரத்திக்கிட்டு போகணும்னு எந்த அவசியமும் கிடையாது, ஆனாலும் ஆம்ஸ்ட்ராங் தானே போய் ஒட்டிக்கிட்டார். இவர் இருக்கிற வரைக்கும் பின்னாடி கூட்டமா வர்ற மொத்த பெலோட்டானும் நம்மள விடாதுன்னு முன்னாடி இருந்தவங்களுக்குத் தெரியும், அதனால சிமியோனி பின்வாங்க வேண்டியதாப் போச்சு. திரும்பி வர்றப்ப ஆம்ஸ்ட்ராங் கேமரா முன்னாடி வாயை ஜிப் போடுற மாதிரி சைகை காட்டினார், உலகமே பார்த்தது.

உங்க கோவம் ஊசி மேல இருந்தா அதை இங்க கொண்டு வந்து வைங்க தம்பி. ஊசி எத்தனையோ பேர் போட்டாங்க. உண்மை பேசினவங்க பொழைப்பைக் கெடுத்தது வேற கணக்கு.

இப்போ சர்க்கஸ் நண்பர். அவர் சொல்றதுல விஷயம் இருக்கு, ஆனா அரைகுறையா சொல்றார். டூர் பொறந்ததே அரசியல்லதான். ட்ரெஃபஸ்ங்கற யூத ராணுவ அதிகாரி மேல பொய்யா தேசத்துரோகப் பழி போட்ட வழக்குல ஃபிரான்ஸ் ரெண்டா பிளந்து கிடந்தப்ப, ஒரு ஸ்போர்ட்ஸ் பேப்பர் ட்ரெஃபஸ் பக்கம் நின்னது பிடிக்காம எதிர்த்தரப்பு முதலாளிங்க காசு போட்டு ஆரம்பிச்ச போட்டிப் பேப்பர் 'லோட்டோ', அது விற்பனைக்காக 1903ல தொடங்கினதுதான் இந்த ரேஸ். அந்தப் பேப்பர் மஞ்சத் தாள்ல அச்சானது, ஜெர்சியும் மஞ்சளாச்சு. ஆம்ஸ்ட்ராங் காலத்துல அவர் நெஞ்சுல இருந்த பேரு யாரோடது? அமெரிக்க போஸ்டல் சர்வீஸ், அரசாங்கத் தபால்துறை! அந்தப் பணத்துக்காகப் போட்ட வழக்கு 2018ல 50 லட்சம் டாலர் கட்டி முடிஞ்சது. 2005ல ஜனாதிபதி புஷ் அவரைத் தன் பண்ணைக்குக் கூப்பிட்டு சேர்ந்து சைக்கிள் ஓட்டினார். இதெல்லாம் சரி, ஆனா 2007ல டெக்ஸஸ்ல புற்றுநோய் ஆராய்ச்சிக்கு 300 கோடி டாலர் ஒதுக்கணும்னு ஓட்டெடுப்பு வந்தப்ப தெருத்தெருவா பிரச்சாரம் பண்ணதும் இதே ஆளுதான், மக்களும் ஓட்டுப் போட்டு ஜெயிக்க வச்சாங்க, அந்த ஆராய்ச்சி நிதி இன்னும் ஓடுது. சர்க்கஸ்னு ஒத்த வார்த்தையில இதை எங்க அடக்குவார்னு உங்க நண்பரைக் கேளுங்க.

கலை உலகமும் ஒண்ணும் ஒதுங்கி நிக்கல. 2009ல பிரிட்டிஷ் கலைஞர் டேமியன் ஹர்ஸ்ட் ஒரு சைக்கிள் ஃப்ரேம்ல நிஜ பட்டாம்பூச்சி ரெக்கைங்களை ஒட்டிக் கொடுத்தார், ஆம்ஸ்ட்ராங் அதுலதான் பாரிஸ்ல கடைசி ஸ்டேஜ் ஓட்டினார், அப்புறம் ஏலத்துல 5 லட்சம் டாலருக்குப் போச்சு, காசு புற்றுநோய் அறக்கட்டளைக்கு. அப்போ எழுந்த சத்தம் பட்டாம்பூச்சியைக் கொன்னுட்டாங்களேன்னு விலங்குநல ஆளுங்க போட்டதுதான். நீங்க யாரும் கேக்காம, காசு வாங்காம, மனசுக்குப் பிடிச்சு வரைஞ்சிருக்கீங்க. வெட்கப்பட ஒண்ணுமே இல்ல.

ஏமாளியான்னு கேட்டீங்க. ஆம்ஸ்ட்ராங் 1999ல டெஸ்ட்ல ஸ்டீராய்டு தெரிஞ்சப்பவே சேடில் புண்ணுக்குப் போட்ட க்ரீம்னு பின்தேதி போட்ட சீட்டு காட்டித் தப்பிச்சவர், எழுதின பேப்பர் மேலயே கேஸ் போட்டு பணம் வாங்கினவர். டிவி முன்னாடி உக்காந்திருந்த நீங்க என்னத்தைக் கண்டுபிடிக்க முடியும்? ஆனா ஒண்ணு, அப்பவே சொன்னவங்களைப் பொறாமைக்காரன்னு நீங்களும் திட்டியிருந்தா அதுக்கு மட்டும் கொஞ்சம் வருத்தப்படலாம்.

அதனால நான் சொல்ற வேலை இதுதான். ஓவியம் அங்கயே இருக்கட்டும், பக்கத்துல அதே சைஸ்ல இன்னொண்ணு வரைங்க, சிமியோனி வேண்டா வெறுப்பா பெலோட்டானுக்குத் திரும்பி வர்ற அந்த நிமிஷம். அதே ஜெர்சி, ஒரு வருஷம் தள்ளி. மஞ்சள் ரெண்டுலயும் ஒரே மஞ்சளா வருதான்னு வரையறப்ப உங்களுக்கே தெரியும்.

ரேஸ் தாராளமா பாருங்க. இப்போ ரத்தக் கணக்கை வருஷக்கணக்கா தொடர்ந்து பார்க்கிற பயலாஜிக்கல் பாஸ்போர்ட் 2008ல இருந்து இருக்கு, சாம்பிளை எடுத்து வச்சு பத்து வருஷம் வரைக்கும் திரும்ப டெஸ்ட் பண்ணலாம். அதனால பாரிஸ்ல மேடை ஏறுறவரைப் பத்தி உடனே சத்தியம் பண்ணவும் வேண்டாம், ஆதாரமில்லாம திருடன்னு சொல்லவும் வேண்டாம். 1999ல இருந்து 2005 வரைக்கும் ஏழு வருஷத்துக்கு ஜெயிச்சவர் பேர் இன்னிக்கும் காலியாதான் கிடக்கு, அடுத்த இடத்துல இருந்தவங்களுக்குக் கொடுக்க யூசிஐக்கும் தைரியம் வரல. ஜூலைல மலை ஸ்டேஜ் வர்றப்ப ரெண்டு நண்பர்களையும் கூப்பிடுங்க, சர்க்கஸ்னு சொன்னவர்தான் முதல்ல வந்து டிவிக்கு நேரா சேர் போட்டு உக்காருவார், வேணும்னா பாருங்க.