படம் பிடிப்போர் பக்கம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: தோட்டத்தில் எடுத்த தட்டான், சிலந்தி, பட்டாம்பூச்சிப் படங்கள் 30-ஐ படங்களை விற்றுத் தரும் ஒரு ஸ்டாக் தளத்துக்கு அனுப்பினேன். ‘ஃபோகஸ் போதவில்லை’, ‘நாய்ஸ்’ (புள்ளி புள்ளியாகத் தெரியும் கரகரப்பு) என்று 22 திரும்பிவிட்டன. போனில் எல்லாம் பளிச்சென்றுதானே இருக்கின்றன?

பதில்: போனில் பார்த்ததுதான் கோளாறு. 24 மெகாபிக்சல் படம் என்றால் 6000 × 4000 புள்ளிகள். சின்னத் திரைக்காகச் சுருக்கினால் மங்கலான படமும் கூர்மையாகத் தெரியும். தேர்வு செய்பவர்கள் 100 சதவீதத்துக்குப் பெரிதாக்கிப் பார்ப்பார்கள். நீங்களும் கணினியில் அப்படியே திறந்து, முதலில் பூச்சியின் கண்ணைப் பாருங்கள். கண் கரைந்திருந்தால் அந்தப் படத்தை அழித்துவிடலாம். இறக்கை எவ்வளவு அழகாக இருந்தாலும் பிரயோசனமில்லை.

மேக்ரோவில் (மிக நெருங்கி எடுக்கும் படத்தில்) 1:1 அளவுக்கு, அதாவது பூச்சியின் நிஜ அளவே கேமராவுக்குள் படம் பதியும் சென்சாரில் விழும் அளவுக்கு நெருங்கினால், லென்ஸின் துளையை எஃப் 11 வரை சுருக்கினாலும் கூர்மையாக விழும் ஆழம் சுமார் 1 மில்லிமீட்டர்தான். தட்டானை நேர் எதிரே நின்று எடுத்தால் கண் கிடைக்கும், வால் புகையாகிவிடும். பக்கவாட்டுக்கு வந்து, அதன் உடல் சென்சாருக்கு இணையாக இருக்கும்படி கேமராவைத் திருப்புங்கள். தலையும் வாலும் ஒரே தளத்தில் விழும். ஆழம் வேண்டுமென்று எஃப் 22 வரை மூடாதீர்கள். 1:1-ல் லென்ஸில் வைத்த எஃப் 11-ஏ எஃப் 22 போல நடந்துகொள்ளும். அதற்கு மேல் மூடினால், சின்னத் துளையில் ஒளி வளைந்து பரவும் டிஃப்ராக்‌ஷனால் படம் முழுக்க மென்மையாகிவிடும்.

விடிந்ததும் போங்கள். உடல் குளிர்ந்திருக்கும் பூச்சி சட்டென்று பறக்காது, காற்றும் குறைவு. கையில் பிடித்து எடுப்பதானால் ஷட்டர் வேகம் 1/250 நொடிக்குக் கீழே வேண்டாம். ஃபோகஸை ஓரிடத்தில் நிறுத்திவிட்டு, உடம்பை மெல்ல முன்னே சாய்த்தபடி ஐந்தாறு படங்கள் தொடர்ந்து எடுங்கள். ஒன்றிலாவது கண் மாட்டும்.

நாய்ஸுக்குப் பெரும்பாலும் ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளி உணர்திறன் அளவு) மேல் பழி போடுகிறோம். ஐஎஸ்ஓ 200-ல் இருட்டாக எடுத்து, பிறகு மென்பொருளில் தூக்கினாலும் நிழல் பகுதி மணல் தூவியது போலாகும். அதற்கு 800 வைத்து, சரியான வெளிச்சத்தில் எடுப்பதே மேல். மங்கலான படத்தை, மென்பொருளில் விளிம்புகளைக் கூர்மையாக்கும் ஷார்ப்பனிங்கைக் கூட்டி மறைக்கப் பார்த்தால், அதற்கென்று தனியாக ஒரு நிராகரிப்பு வரும்.

கேள்வி: என் படங்களை ஏற்றுக்கொள்கிறார்கள். ஆனால், விற்பதில்லை. ஏன்?

பதில்: ‘அழகு, இயற்கை, பச்சை’ என்று கீவேர்டு (தேடலுக்கான சொல்) கொடுத்திருப்பீர்கள். வாங்குபவர் அப்படித் தேட மாட்டார். பாடப்புத்தகம் தயாரிப்பவருக்கு வேண்டியது, எருக்கு இலையைத் தின்னும் வெந்தய வரியன் புழு. எனவே உயிரினத்தின் பொதுப்பெயர், அறிவியல் பெயர், செடியின் பெயர், அது செய்யும் வேலை, வளர்ச்சிப் பருவம் எல்லாம் கீவேர்டில் இருக்கட்டும். இனம் உறுதியாகத் தெரியாவிட்டால் பேரினத்தோடு நிறுத்துங்கள். தவறான பெயரோடு படம் அச்சாகிவிட்டால் அந்த வாங்குநர் திரும்பி வரமாட்டார்.

பூவில் உட்கார்ந்த பட்டாம்பூச்சிக்குப் பஞ்சமே இல்லை. முட்டை, புழு, கூட்டுப்புழு, பட்டாம்பூச்சி என நான்கு பருவத்தையும் ஒரே இனத்தில் எடுத்துத் தொகுப்பாகக் கொடுப்பவர்கள் குறைவு. ஒவ்வொன்றையும் கிடைமட்டமாகவும் செங்குத்தாகவும் எடுங்கள். எழுத்து அச்சடிக்க ஒரு பக்கம் வெற்றிடம் விடுங்கள்.

கேள்வி: 12 × 18 அங்குலத்தில் பிரிண்ட் போட்டேன். திரையில் இருந்ததைவிட இருட்டாக வந்திருக்கிறது. லேப் தவறா?

பதில்: பெரும்பாலும் உங்கள் மானிட்டர்தான். கடையிலிருந்து வந்த வெளிச்ச அளவிலேயே வைத்துத் திருத்தினால் படத்தைத் உங்களை அறியாமலே இருட்டாக்கிவிடுவீர்கள். திரையின் வெளிச்சம் சதுர மீட்டருக்கு 80 முதல் 120 கேண்டெலா (ஒளியை அளக்கும் அலகு) போதும். அளக்கும் கருவி இல்லையென்றால், ஒரு வெள்ளைத்தாளை அறை வெளிச்சத்தில் பிடித்து, திரையின் வெள்ளை அதைவிடப் பளீரிடாத அளவுக்குக் குறையுங்கள். பெரிய பிரிண்டுக்கு முன் ஒரு சின்னத் துண்டைச் சோதனையாகப் போட்டுப் பார்ப்பது நல்லது.

300 டிபிஐ-க்கு (அங்குலத்துக்கு 300 புள்ளி) இந்த அளவு கேட்பது 3600 × 5400 புள்ளிகள். 24 மெகாபிக்சல் தாங்கும். பாதியை வெட்டி எடுத்த படம் தாங்காது. வாங்குபவர் 8 × 10 அங்குலம் கேட்டால் இன்னொரு தொல்லை: 3:2 விகிதத்தில் எடுத்த படத்தின் நீளவாக்கில் கொஞ்சம் வெட்டுப்படும். இறக்கை நுனி ஓரத்தை ஒட்டியிருந்தால் போச்சு. எடுக்கும்போதே சுற்றிலும் இடம் விடுங்கள்.

கேள்வி: ஒரு நாட்காட்டிக்காரர் ‘முழு உரிமையும்’ கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுத்தால் அதே படத்தை நீங்கள் வேறெங்கும் விற்க முடியாது. ஒரு பதிப்பு, ஓர் ஆண்டு, நாட்காட்டிக்கு மட்டும் என்று எழுத்தில் போடுங்கள். அதற்கு முன் அந்தப் படத்தை எங்காவது பிரத்தியேக ஒப்பந்தத்தில் கொடுத்திருக்கிறீர்களா என்றும் பாருங்கள்.

கேள்வி: பறவைக் கூட்டை மறைக்கும் இலைகளை ஒதுக்கிவிட்டு எடுக்கலாமா?

பதில்: கூடாது. அந்த இலைகள்தான் குஞ்சுகளுக்கு நிழல், காக்கையிடமிருந்து மறைப்பு. தாய்ப்பறவை கூட்டுக்கு வரத் தயங்கினாலே நீங்கள் பக்கத்தில் போய்விட்டீர்கள் என்று பொருள், உடனே விலகுங்கள். படத்தை அனுப்புமுன் அதிலுள்ள, கூடு இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுக்கும் ஜிபிஎஸ் தகவலையும் நீக்கிவிடுங்கள்.