ஷங்கருக்குக் கிடைத்த பெயர்

கேள்வி: ‘இந்தியன் 2’, ‘கேம் சேஞ்சர்’ இரண்டையும் பார்த்துவிட்டுக் கேட்கிறேன். ஷங்கர் உண்மையிலேயே பெரிய இயக்குநர்தானா? தயாரிப்பாளர் பணம், ரஹ்மான் பாட்டு, சுஜாதா வசனம் மூன்றையும் கழித்துவிட்டால் அவரிடம் என்ன மிஞ்சும்?
– வாசகர் ஒருவர், திருச்சி

பதில்: நிறைய மிஞ்சும். ‘பிரம்மாண்ட இயக்குநர்’ என்ற பட்டம் மட்டும் மிஞ்சாது. அது போனால் எனக்கு வருத்தமில்லை, அவரைக் கெடுத்ததே அந்தப் பட்டம்தான்.

முதலில் சுஜாதா. ஷங்கர் சறுக்கும்போதெல்லாம் எல்லோரும் சொல்கிற காரணம் இது. ஆனால் 1993இல் வந்த ‘ஜென்டில்மேன்’, அடுத்த ஆண்டு வந்த ‘காதலன்’ இரண்டுக்கும் வசனம் எழுதியவர் பாலகுமாரன். சுஜாதா வந்தது 1996இல், ‘இந்தியன்’ படத்துக்கு. அதற்குள் ஷங்கர் யாரென்று தமிழ்நாட்டுக்கே தெரிந்துவிட்டது. அப்பளக் கம்பெனி நடத்தும் சாதுவான ஒருவன் எதற்காகக் கொள்ளையடிக்கிறான் என்பதை நெடுநேரம் மூடிவைத்து, பணம் இல்லாததால் கல்லூரியில் இடம் கிடைக்காமல் போன கதையில் கொண்டுபோய் அவிழ்க்கிறாரே, அந்தக் கட்டுமானம் முதல் படத்திலேயே அவர் கைக்கு வந்துவிட்டது. 2008இல் சுஜாதா மறைந்த பிறகும் அவருக்கு எழுத ஆளில்லாமல் போகவில்லை. ‘2.0’ படத்துக்கு எழுதியவர் ஜெயமோகன். ‘இந்தியன் 2’ படத்திலும் அவர் இருக்கிறார், கூடவே கபிலன் வைரமுத்துவும் லக்ஷ்மி சரவணகுமாரும். குறை வசனத்தில் இல்லை.

ரஹ்மான் விஷயம் இன்னும் சுலபம். ‘அந்நியன்’ படத்துக்கு இசை ஹாரிஸ் ஜெயராஜ். படம் ஓடியது.

அப்புறம் பணம். ‘முதல்வன்’ (1999) படத்தில் உங்களுக்கு எது நினைவிருக்கிறது? எனக்கு அந்தப் பேட்டிதான். முதலமைச்சராக ரகுவரன், எதிரே கேள்வி கேட்கும் அர்ஜுன், நடுவில் ஒரு டி.வி. கேமரா. பெரிய செட் கிடையாது, கிராபிக்ஸ் கிடையாது. ஒரு கேள்வி, அதற்கு ஒரு மழுப்பல், மழுப்பலைப் பிடித்து இன்னொரு கேள்வி என்று நூல் இழுத்தபடியே போய், ஒருநாள் நீ முதல்வராக இருந்து பார் என்ற சவாலில் நிறுத்துகிறார். கலவரத்தின்போது முதலமைச்சர் போலீஸுக்கு என்ன உத்தரவு போட்டார் என்பதை அந்தப் பையன் முன்பே பதிவுசெய்து வைத்திருக்கிறான் என்பது நமக்குத் தெரியும், ரகுவரனுக்குத் தெரியாது. அதனால்தான் தியேட்டரில் ஒருவரும் அசையவில்லை. அந்தப் படத்திலேயே செலவு குறைந்த காட்சிகளில் அது ஒன்றாகத்தான் இருக்கும். அதை அப்படி எழுதி எடுக்க இங்கே எத்தனை பேரால் முடியும்?

ஷங்கரின் உண்மையான சரக்கு இதுதான். கவுன்ட்டர் முன்னால் நின்று, இன்று போய் நாளை வா என்று திருப்பி அனுப்பப்பட்டவனின் வயிற்றெரிச்சலை அவர் படிப்படியாகக் கதையாக்கத் தெரிந்தவர். தீக்காயத்தோடு மகள் கிடக்கும்போதும் லஞ்சம் கொடுக்க மறுக்கிற அப்பாவை ‘இந்தியன்’ படத்தில் வைத்தாரே, அந்தக் காட்சி பார்க்கிறவரையும் சேர்த்து இழுத்துவிடும். கொடுத்துத் தொலைக்கலாமே என்றுதான் நமக்குத் தோன்றும். அப்படித் தோன்றிய நமக்கும் அதில் பங்கு இருக்கிறது. கடைசியில் அதே அப்பா, பிரேக் சரியில்லாத பஸ்ஸுக்குப் பணம் வாங்கிக்கொண்டு சான்று கொடுத்த சொந்த மகனையே கொல்கிறார். கொள்கைக்கான விலையை அந்த ஒரே குடும்பம் முழுசாகக் கொடுத்து முடிக்கிறது.

இதை ‘இந்தியன் 2’ பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 28 ஆண்டுகள் கழித்து வந்த அதே அப்பா சேனாபதி, அவரவர் வீட்டை அவரவர் சுத்தம் செய்யுங்கள் என்று ஊர்ப் பிள்ளைகளுக்கு அறிவுரை சொல்கிறார். விலை கொடுப்பது அந்தப் பிள்ளைகள், சொன்னவருக்கு அதில் இழப்பில்லை. முதல் படத்தில் காட்சியாக இருந்தது இங்கே பேச்சாகிவிட்டது. போதாததற்கு மூன்று மணி நேரம் ஓடியும் கதை முடியாமல், கடைசியில் மூன்றாம் பாகத்துக்கு முன்னோட்டம் போட்டு அனுப்பினார்கள். எதை வெட்டுவது என்ற முடிவை எடுக்காத படம் அது. வேண்டியதெல்லாம் கிடைக்கும் என்ற நிலைமை வந்தபிறகு வெட்டும் பழக்கம் போய்விடுகிறது.

கோபம் யார்மேல் பாய்கிறது என்பதும் முக்கியம். ‘ஜென்டில்மேன்’ படத்தில் அது அதிகாரத்தின் உச்சி வரை போனது. ‘அந்நியன்’ (2005) படத்தில் ரயிலில் மோசமான சாப்பாடு போட்ட கான்ட்ராக்டரை எண்ணெயில் பொரித்தார்கள். முத்திரைத்தாள் செலவை மிச்சம் பிடிக்க நிலத்தின் விலையைக் குறைத்துக் காட்டிய பெண்ணையும் கொல்லப் போனார்கள். அந்தப் படத்தின் வேகம் எனக்கும் பிடித்ததுதான். ஆனால் மேலே பார்க்க வேண்டிய கண் அதில் பக்கத்து வீட்டைப் பார்க்கத் தொடங்கிவிட்டது என்பதைச் சொல்லியாக வேண்டும்.

இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. அதில் எனக்குச் சமரசமே கிடையாது. ‘சிவாஜி’ (2007) படத்தில் கறுப்பாக இருக்கும் இரண்டு பெண்களைக் காட்டிச் சிரிக்கவைத்தார். அவர்களுக்கு வைத்த பெயர் அங்கவை, சங்கவை. அப்பனையும் குன்றையும் இழந்து நின்ற பாரி மகளிரின் பெயர்கள் அவை. தமிழர்களில் பெரும்பாலோரின் நிறத்தை, தமிழின் மிகத் துயரமான இரண்டு பெண்களின் பெயரைச் சூட்டிக் கேலி செய்திருக்கிறார்கள். ‘ஐ’ (2015) படத்தில் திருநங்கைப் பாத்திரத்தை நடத்திய விதத்துக்கு அந்தச் சமூகத்தினர் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அவர்கள் கோபம் நியாயமானது. எளியவனுக்காகப் பொங்கும் ஒரு இயக்குநர் தன் படத்திலேயே எளியவரை மிதிக்கிறார் என்றால், அவர் பெயரிலிருந்து நான் கழிப்பது இதற்காகத்தான். தோற்ற படங்களுக்காகக் கழிக்க மாட்டேன். தோல்வி எல்லோருக்கும் வரும்.

பாட்டுக் காட்சிகளுக்காக அவரைக் குறைசொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. சுந்தரபாண்டியபுரம் பக்கம் ‘அந்நியன்’ பாட்டுக்காகப் பாறையில் தீட்டிய முகங்களைத் தேடிப் போகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். கண்ணுக்கு விருந்து வைப்பதும் சினிமாவின் வேலைதான். விருந்துக்காகக் கதை பட்டினி கிடக்கும்போதுதான் தகராறு.

நீங்கள் கழித்த மூன்றோடு ஒன்றைக் கூட்டவும் வேண்டும். இதை அவருடைய ரசிகர்கள்கூட அதிகம் பேசுவதில்லை. அவருடைய சொந்தக் கம்பெனியான எஸ் பிக்சர்ஸ் தயாரிப்பில் வந்த படங்களைப் பாருங்கள். அவரிடம் உதவியாளராக இருந்த பாலாஜி சக்திவேலின் முதல் படம் ‘சாமுராய்’ சரியாகப் போகவில்லை. அவருக்கு ‘காதல்’ (2004) கொடுத்தார். மதுரை மெக்கானிக் ஒருவனின் காதலைச் சாதி என்ன செய்கிறது என்று ஒளிவுமறைவில்லாமல் சொன்ன படம். ‘ஆல்பம்’ படத்தோடு நின்றுபோயிருக்கக்கூடிய வசந்தபாலனுக்கு ‘வெயில்’ (2006). சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது அதற்குக் கிடைத்தது. வடிவேலுவை முதன்முதலாக நாயகனாக்கிய ‘இம்சை அரசன் 23ஆம் புலிகேசி’யும் அதே ஆண்டு, அதே கம்பெனி. இயக்கியவர் சிம்புதேவன்.

தான் எடுக்கும் படங்களுக்கு நேர் எதிரான படங்களில் சொந்தப் பணத்தைப் போட்டவர் அவர். ஒருமுறை தோற்றவர்களை நம்பிப் போட்டிருக்கிறார். ஆகவே என் பதில், பெரிய இயக்குநர் என்ற பெயருக்கு அவருக்குத் தகுதி உண்டு. ‘ஜென்டில்மேன்’, ‘இந்தியன்’, ‘முதல்வன்’, அப்புறம் அவர் இயக்காத இந்த மூன்று படங்கள், இந்த ஆறுக்காக.